டியூட்டி முடிய எல்லாரும் சேர்ந்து அழுதா மனம் ஆறுமா? ஒரு புது நர்ஸ் தங்கச்சிக்கு என்ட பதில்

தங்கச்சி, உங்கட கேள்விய ரெண்டு மூண்டு தரம் வாசிச்சன். மட்டக்களப்புப் பக்கம் ஒரு மெடிக்கல் வார்ட்டுக்கு வேலைக்கு வந்து எட்டு மாசம், அங்க ஒரு சீனியர் அக்கா இருக்கா, நோயாளி யாரும் செத்தா இல்லாட்டி சொந்தக்காரர் வந்து ஏசிட்டுப் போனா டியூட்டி முடிய எல்லாரையும் சேன்ஜிங் ரூமுல இருத்தி வெச்சு அண்டைக்கு நடந்தது முழுக்கக் கதைப்பா, எல்லாரும் அழுவீங்க, டொக்டர ஏசுவீங்க, ஆனா வீட்ட போனா உங்களுக்கு இன்னும் நித்திரை வராது, இருக்காமப் போனா அக்காக்கு மனம் நோகும், கூட வேலை செய்றவங்களோட கதைச்சா பாரம் குறையும் எண்டுதானே எல்லாரும் சொல்றாங்க எனக்கு மட்டும் ஏன் கூடுது, எனக்குத்தான் ஏதும் பிழையா எண்டு கேட்டிருக்கீங்க. கடைசியா சின்னதா இன்னொண்டும் கேட்டிருக்கீங்க, அதுக்குக் கடைசில வாறன். உங்கட கேள்விக்குக் கீழ கனபேர் "பஸ் போயிரும் எண்டு சொல்லிட்டு வெளிக்கிட்டுப் போங்க" எண்டு எழுதியிருக்காங்க. ஆனா அந்த அக்காவ எப்பிடித் தட்டிக் கழிக்கிறது எண்டு நீங்க கேக்கல்ல எண்டுதான் எனக்குப் படுது. இப்பிடி ஒரு வேலையில ஆளுக்கு ஆள் எப்பிடித் தாங்கிக் கொள்றது, எது உண்மையாவே தாங்கும் எண்டுதான் கேக்கிறீங்க.

நான் 1998ல நர்சிங் முடிச்சு வந்தவள். அம்பாறை மாவட்டத்துக் கரையோர ஆஸ்பத்திரிகள்ல வார்ட், ஈடியு (அவசர சிகிச்சைப் பிரிவு) எண்டு மாறி மாறி நிண்டு, கடைசி எட்டு வருஷம் சிஸ்டரா, அதாவது வார்ட்டுக்குப் பொறுப்பான நர்ஸா இருந்தன். நடுவுல கவுன்சலிங்கும் படிச்சன், இப்ப அந்தப் பக்கம்தான் கூட வேலை, அதுவும் ஆஸ்பத்திரி ஸ்டாஃபோடதான். மனநல டொக்டர் இல்ல நான், அத மனசுல வெச்சுக்கொண்டு வாசிங்க. படிச்சத படிச்சது எண்டும், கண்ணால கண்டத கண்டது எண்டும் பிரிச்சே சொல்றன்.

முதல் உங்கட பயத்துக்குப் பதில்: உங்களுக்கு ஒரு பிழையும் இல்ல. நர்ஸ் வேலையில ஊசி போடுறது, டிக்கெட் (நோயாளிட குறிப்பு) எழுதுறது மாதிரி மூஞ்சிய வெச்சிருக்கிறதும் ஒரு வேலைதான். ஒரு கட்டில்ல இப்பதான் ஒருத்தர் செத்திருப்பார், அடுத்த கட்டில் ஐயாவிட்ட "இப்ப எப்பிடி இருக்கு ஐயா, சாப்பிட்டீங்களா" எண்டு சிரிச்ச முகத்தோட கேக்கோணும். இத 'உணர்ச்சி உழைப்பு' எண்டு பேர் வெச்சு 1983ல எழுதினவ அமெரிக்காவுல ஆர்லி ஹோக்ஷைல்ட் எண்ட சமூகவியல்காரி, அவ பாத்தது விமானத்துல வேலை செய்ற பொண்ணுகள. வெளியில மட்டும் சிரிக்கிறது ஒரு வகை, உள்ளுக்கும் தன்னை மாத்திக்கொண்டு சிரிக்கிறது இன்னொரு வகை எண்டு அவ பிரிச்சா. வெளியில மட்டும் நடிச்சு உள்ளுக்குள்ள அமுக்குறவங்களுக்குத்தான் கூடக் களைக்கும் எண்டுறது அதுக்குப் பிறகு வந்த கன ஆய்வுகள்ல திரும்பத் திரும்ப வந்திருக்கு, இது ஓரளவுக்கு நிச்சயம் எண்டு சொல்லலாம். இன்னொண்டும் இருக்கு. 2003ல வந்த ஒரு ஆய்வுல, முன்பின் தெரியாத ரெண்டு ரெண்டு பொம்பிளையளுக்கு மனச உலுக்குற ஒரு படத்தப் போட்டுக் காட்டி, பிறகு அதப் பத்திக் கதைக்க விட்டாங்க. ஒருத்திட்ட மட்டும் ரகசியமா "முகத்துல ஒண்டும் காட்டாத" எண்டு சொல்லி வெச்சாங்க. அமுக்கினவட பிரஷர் ஏறினதோட எதிர்ல இருந்து கதைச்சவட பிரஷரும் ஏறிச்சு, ஏனெண்டு அவளுக்கே விளங்கியிருக்காது. கல்லு மாதிரி முகத்த வெச்சிருக்கிற ஒருத்தரோட நைட் நிண்டா ஏன் நமக்கும் சேர்த்து உடம்பு முறுகுது எண்டு எனக்கு விளங்கினது இத வாசிச்ச பிறகுதான். அதால அந்த அக்கா "மனசுல வெச்சிருக்காதீங்க" எண்டு சொல்றது வெறும் கதை இல்ல, அவ ஒரு உண்மையப் பிடிச்சிருக்கா.

ஆனா அடுத்த பாதிதான் கனபேருக்குத் தெரியாது. கதைச்சா மனம் லேசாகும் எண்டு நினைக்கிறம், கதைச்சு முடிய லேசான மாதிரியும் இருக்கும், ஆனா நடந்தது நடந்த மாதிரியே இருக்கும். பெல்ஜியத்துல பெர்னார் ரிமே எண்டு ஒருத்தர் இதத்தான் வருஷக்கணக்கா ஆராய்ஞ்சவர். மனச உலுக்கின எதையும் மனுசன் பெரும்பாலும் யாரிட்டயாவது சொல்லாம விடமாட்டான், எந்த ஊரா இருந்தாலும் அப்பிடித்தான் எண்டு அவர் காட்டினார். அவரும் இன்னொருத்தரும் 2005ல வெளியிட்டத வாசிச்சா, கதைச்சவங்க "பிரயோசனமா இருந்திச்சு" எண்டு சொல்லியிருக்காங்க, ஆனா அந்தச் சம்பவத்த நினைக்கக்குள்ள வாற வலி, கதைக்காதவங்கள விடக் குறையல்ல. அதாவது கதைக்கிறது ஆக்கள நெருக்கமாக்கும், தனிச்சுப் போகல்ல எண்டு காட்டும். காயத்த ஆத்துறதுக்கு அது மட்டும் காணாது. 2002ல அமெரிக்காவுல அமாண்டா ரோஸ் எண்டவ பள்ளிக்கூடப் பிள்ளைகளிட்ட இன்னொண்டக் கண்டா, கூட்டாளிமார் சேர்ந்து ஒரே பிரச்சினையத் திருப்பித் திருப்பிக் கிளறிக் கதைச்சா கூட்டாளித்தனம் இறுகுது, கூடவே பதட்டமும் மனச்சோர்வும் ஏறுது. ரெண்டும் ஒண்டா வாறதாலதான் விட ஏலாம இருக்கு. வளந்த ஆக்களிட்ட, வேலைத் தளங்கள்ல இது எவ்வளவு எண்டுறதுக்கு ஆய்வுகள் குறைவு, அதால அந்தச் சின்னப் பிள்ளைகள்ட கணக்க அப்பிடியே உங்கட சேன்ஜிங் ரூமுக்குக் கொண்டு வர மாட்டன். ஆனா நீங்க எழுதினத வாசிச்ச உடனே எனக்கு இதுதான் ஞாபகம் வந்திச்சு. நீங்க அந்த ரூமுல அந்தச் சாவ இன்னொருக்காப் பாக்கிறீங்க, பாத்துட்டு பஸ் ஏறுறீங்க.

எங்கட செத்த வீடுகள நினைச்சுப் பாருங்க. சனம் வர வர ஒப்பாரி புதுசாத் தொடங்கும், கட்டிப் பிடிச்சு அழுவாங்க, ஆனா அந்த அழுகைக்கு ஒரு எல்லை இருக்கு, பிரேதம் எடுத்தா வீடு கழுவணும், குளிக்கணும், அந்த வீட்டுல அடுப்பு மூட்டாததால அயல்ல இருந்து சோறு வரும், பிறகு எட்டு, பிறகு முப்பத்தொண்டு. எங்கட முஸ்லிம் சகோதரங்கள்ட மையத்து வீட்டுலயும் அயல்தான் சமைச்சுக் குடுக்கிற. அழுறதுக்கு ஆள் இருக்கிற மாதிரியே சோத்தக் கொண்டு வாறதுக்கும் ஆள் இருக்கு. உங்கட வார்ட்டுல முதலாவதுக்கு ஆள் இருக்கு, ரெண்டாவதுக்கு இல்ல எண்டு நினைக்கிறன்.

இத நான் படிச்சு அறியல்ல. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள், ஞாயிற்றுக்கிழமை, போயா லீவு, ஆஸ்பத்திரில ஆக்கள் குறைவு. தீவுல ஆகக் கூடச் செத்தது அம்பாறை மாவட்டத்துலதான், நான் நிண்ட ஆஸ்பத்திரியும் கரைக்குக் கிட்டத்தான். அண்டைக்கு எங்களோட நிண்ட ஒரு மிஸ்ஸுக்கு (நர்ஸுக்கு) தன்ட வீட்டாக்கள் உயிரோட இருக்காங்களா எண்டே தெரியாது, அவ மத்தாக்கள்ட பிள்ளைகளுக்கு மண்ணக் கழுவிக்கொண்டு நிண்டா. எங்கட மேட்ரன் அவவ ஒண்டும் கேக்கல்ல. புண்ணுக்குக் கட்டுற கோஸ் துணி ஒரு மூட்டை கொண்டு வந்து மேசையில போட்டு, ஒரு கதிரைய இழுத்து வெச்சு "இருந்துகொண்டு இத மடிங்க, நான் ஆள் அனுப்பியிருக்கன் உங்கட வீட்டுப் பக்கம்" எண்டா. அவ்வளவுதான். அந்த மிஸ் அழுதுகொண்டே மடிச்சா, நாங்க போகக்குள்ள வரக்குள்ள அவட தோளத் தொட்டுட்டுப் போனம். கனகாலத்துக்குப் பிறகு அவ எனக்குச் சொன்னது, அண்டைக்கு யாராவது "எப்பிடி இருக்கீங்க" எண்டு கேட்டிருந்தா விழுந்திருப்பன், அந்தக் கதிரையும் ஆள் போயிருக்கு எண்ட சொல்லும்தான் என்னப் பிடிச்சிச்சு எண்டு.

அதுக்குப் பிறகு வந்த மாசங்கள்ல வெளியூர், வெளிநாடு எண்டு கனபேர் வந்து வட்டமா இருத்தி "நடந்தத முழுசாச் சொல்லுங்க, சொன்னாத்தான் நல்லது" எண்டாங்க. நல்ல மனசோடதான் வந்தாங்க. ஆனா சம்பவம் நடந்த உடனே ஒரே ஒரு தரம் இருத்தி எல்லாத்தையும் சொல்ல வைக்கிற டிப்ரீஃபிங் பிற்காலத்துல வாற மனவடுவத் தடுக்காது எண்டு, 2002லயே கன ஆய்வுகளச் சேர்த்துப் பாத்து முடிவு சொல்லியிருந்தாங்க. அதுல தீக்காயக்காரரிட்ட செஞ்ச ஒரு ஆய்வுல, 13 மாசத்துக்குப் பிறகு பாத்தா டிப்ரீஃபிங் எடுத்தவங்க எடுக்காதவங்கள விட மோசமா இருந்தாங்க. இதுல ஒரு விஷயத்த நேர்மையாச் சொல்லோணும்: அந்த ஆய்வுகள் பெரும்பாலும் தனித்தனியா நோயாளிகளிட்ட செஞ்சது, ஒண்டா வேலை செய்ற ஒரு டீமிட்ட செஞ்சது இல்ல, அதால "வேலைக்காரர் கூடிக் கதைக்கவே கூடாது" எண்டு இதுல இருந்து யாரும் முடிவெடுக்கக் கூடாது. நிச்சயமாச் சொல்லக்கூடியது ஒண்டு, சொல்ல விருப்பமில்லாதவர வற்புறுத்திச் சொல்ல வைக்கக் கூடாது. உலக சுகாதார ஸ்தாபனம் 2011ல வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் பார், கேள், இணை எண்டுதான் சொல்லுது. அதுல கேக்கிறது எண்டா அவர் சொன்னாக் கேக்கிறது, தோண்டி எடுக்கிறது இல்ல.

இனி என்ட அனுபவத்துல இருந்து. கூட வேலை செய்றவங்க செய்ற பெரிய உதவி, சம்பவம் நடந்து முதல் பத்து நிமிசத்துல நடக்கிறது. ஒரு சின்னப் பிள்ளைக்கு முக்கால் மணித்தியாலம் சிபிஆர் குடுத்துக் கை விட்ட நேரத்த எடுங்க. அப்ப அந்த நர்ஸுக்கு ஆறுதல் வார்த்தை தேவைப்படாது. அவட மற்றக் கட்டில்களுக்குப் பன்னிரண்டு மணி மருந்த யாராவது கேக்காமலே குடுத்துட்டு "உங்கட சைடு முடிஞ்சு" எண்டு சொல்றதுதான் தேவை. தாய்க்கு யார் சொல்ற, பிள்ளைய யார் துடைச்சு வைக்கிற, அந்த ரெண்டையும் ஒரே ஆள் செய்யாமப் பாக்கிறது. கை கழுவப் போன இடத்துல அவ கனநேரம் நிண்டா ஒருத்தர் பின்னால போய், ஒண்டும் கதைக்காம பக்கத்துப் பைப்புல தானும் கை கழுவுறது. சீனி கூடப் போட்ட ஒரு பிளேன்டீ. வாசல்ல கத்திக்கொண்டு நிக்கிற சொந்தக்காரருக்கும் அவவுக்கும் நடுவுல ஒரு பெரிய ஆள் போய் நிண்டு "நான் சொல்றன் ஐயா, இஞ்ச வாங்க" எண்டு அங்கால கூட்டிட்டுப் போறது. இப்பிடித் தெரியாமச் செய்ற உதவிக்கு ஆய்வுலயும் ஆதாரம் இருக்கு, 2000ல வந்த ஒரு ஆய்வுல நியூயோர்க்ல சட்டத்தரணியாகிற சோதனைக்குப் படிச்சுக்கொண்டிருந்தவங்களையும் அவங்கட துணையையும் தினமும் டயரி எழுத வெச்சுப் பாத்தாங்க, துணை உதவி செஞ்சிருக்கார் ஆனா இவர் அத உதவி எண்டே கவனிக்கல்ல எண்ட நாள்கள்லதான் இவர்ட மனம் நல்லா இருந்திச்சு. உதவி எண்டு வெளிச்சம் போட்டா வாங்குறவருக்கு "நான் ஏலாதவள்" எண்டு ஒரு குத்து வரும். அது புருசன் பொண்சாதி ஆய்வு, வார்ட் இல்ல. ஆனா நான் கண்டதுக்கு அப்பிடியே பொருந்துது.

எங்கட வார்ட்டுல ஒரு அட்டெண்டன் அம்மா இருந்தா, எழுத வாசிக்க அவ்வளவு தெரியாது. யார் முகம் வாடினாலும் அவவுக்குத் தெரியும், "மிஸ் அந்தப் பக்கம் லினன் ரூமுல கொஞ்சம் வேலை இருக்கு வாங்க" எண்டு கூப்பிடுவா, போனா அங்க ஒரு வேலையும் இராது, ஒரு கதிரை இருக்கும், கதவ சாத்திட்டு வெளியில நிப்பா. அஞ்சு நிமிசத்துல தட்டுவா. எனக்கே நாலு தரம் செஞ்சிருக்கா. அவ பென்ஷன் போன பிறகுதான் எங்களுக்கு விளங்கினது அவ எவ்வளவு தாங்கியிருக்கா எண்டு, ஏனெண்டா ஒரு மாசத்துலயே ஆளுக்கு ஆள் கடிக்கத் தொடங்கிட்டம். அவவ யாரும் ஒரு நாளும் அந்த லினன் ரூமுல இருத்தல்ல. இத எழுதக்குள்ளயும் எனக்கு அது உறுத்துது. எல்லா வார்ட்டுலயும் இப்பிடி ஒரு ஆள் இருக்கும், பெரும்பாலும் ஒரு பொம்பிளை, பெரும்பாலும் பதவி குறைஞ்சவ இல்லாட்டி வயசு கூடினவ, அவட ரோஸ்டர்ல அந்த வேலை எழுதியிராது. உங்கட சீனியர் அக்காவும் அப்பிடி ஒருத்தியா இருக்கலாம் தங்கச்சி. அவ கூட்டி வெச்சுக் கதைக்கிறது உங்களுக்காக எண்டு அவ நினைக்கிறா, உண்மையில தனிய அந்தப் பாரத்தோட வீட்ட போகப் பயந்துகொண்டு கூட இருக்கலாம். ஆள நான் பாத்ததில்ல, அதால இது ஒரு ஊகம் மட்டும்தான்.

அதால கூட்டத்த விட்டு ஓடச் சொல்ல மாட்டன், அந்தக் கதைக்கு ஒரு கரை போடப் பாருங்க. நான் சிஸ்டரா இருக்கக்குள்ள செஞ்சது இதுதான், டியூட்டி பாரம் குடுக்கிற நேரத்துக்கு முதல், ஒரு மணிக்கு அடுத்த ஆக்கள் வாறாங்க எண்டா பன்னிரண்டே முக்காலுக்கு, நிண்டபடியே பத்து நிமிசம். இருந்தா இழுபடும். ரெண்டே கேள்வி, இண்டைக்கு எது கஷ்டமா இருந்திச்சு, யாருக்கு என்ன தேவை. தேவை எண்டா கையால செய்யக்கூடியது: நாளைக்கு அந்தக் கட்டில் எனக்கு வேணாம், அந்தக் குடும்பம் திரும்ப வந்தா யாராவது என்னோட நில்லுங்க, நாளன்டைக்கு நைட்ட மாத்தித் தாங்க. கதைக்க விருப்பமில்லாதவர் தலைய ஆட்டிட்டு நிக்கலாம். அந்த இடத்துல இல்லாத ஆளப் பத்தி, டொக்டரோ மற்ற ஷிஃப்டோ, ஏச்சுத் தொடங்கினா "அத எழுதித் தாங்க, நான் மேல கொண்டு போறன்" எண்டு சொல்லுவன், சொன்ன மாதிரிக் கொண்டும் போவன். மூண்டு மாசத்துல வித்தியாசம் தெரிஞ்சிச்சு, லீவு போடுறது குறைஞ்ச மாதிரி எனக்குப் பட்டிச்சு, ஆனா நான் கணக்கு எடுத்து வெக்கல்ல, அதால ஆதாரம் எண்டு நீட்ட மாட்டன்.

நீங்க ஜூனியர், இதெல்லாம் வார்ட்டுல நடத்த உங்களுக்கு ஏலா, எனக்குத் தெரியும். உங்களால ஏலக்கூடியது, ஒரு நல்ல நாள்ல, யாரும் சாகாத நாள்ல, அந்த அக்காட்ட தனியப் போய் "அக்கா, நீங்க கூப்பிட்டுக் கதைக்கிறது எனக்கு நான் தனிச்சுப் போகல்ல எண்டு ஒரு தைரியம் தருது, ஆனா முழுக்கத் திருப்பிக் கதைச்சா எனக்கு நித்திரை வருகுதில்ல, நான் பத்து நிமிசம் உங்களோட இருந்துட்டுப் போறனே" எண்டு சொல்றது. சொல்லிட்டு அவவ ஒண்டு கேளுங்க: "நீங்க வீட்ட போனா யாரிட்ட அக்கா கதைப்பீங்க?" கேட்டுட்டுப் பேசாம இருங்க. பிறகு அந்த ரூமுல கதை ரெண்டாம் தரம் சுத்தத் தொடங்கினா "அப்ப நாளைக்கு என்ன செய்யலாம்" எண்டு மெதுவாக் கேளுங்க, அந்த ஒரு கேள்வியே கதைய முன்னுக்குத் தள்ளும். இன்னொண்டு, எங்கட ஊர்ல யார் யாருக்கு மச்சான் யாருக்கு சின்னம்மா எண்டு சொல்ல ஏலா, செத்தவர்ட சொந்தம் அடுத்த ரூமுல நிக்கும், அதால நோயாளிட பேரோ கட்டில் நம்பரோ அந்தக் கதையில வரக்கூடாது, வாட்ஸப் குரூப்புல வரவே கூடாது.

எல்லாத்தையும் உங்கட தலையிலயும் அந்த அக்காட தலையிலயும் போட்டு முடிக்க எனக்கு மனம் இல்ல. 1960ல இசபெல் மென்சீஸ் எண்டவ லண்டன்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரி நர்ஸ்மாரப் பத்தி எழுதினா, நோயாளியப் பேர் சொல்லாம வருத்தத்தாலயும் கட்டில் நம்பராலயும் கூப்பிடுறது, வேலையத் துண்டு துண்டா வெட்டிக் குடுக்கிறது, ஒரு இடத்துல நிலைக்க விடாம மாத்துறது, இதெல்லாம் அந்த இடமே தன்ட பயத்த மறைக்கச் செஞ்ச ஏற்பாடு, அதால நர்ஸ்மார்ட பயம் குறையல்ல எண்டு. அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, "பதினாலாம் கட்டில்" எண்டு நாமளும்தான் சொல்றம். கோல் சென்டர்ல வேலை செய்றவங்கள ஆராய்ஞ்ச மாரெக் கோர்சின்ஸ்கி 2003ல சொன்னது இன்னும் முக்கியம் எண்டு நினைக்கிறன்: ஏச்சு வாங்கினவங்க ஒருத்தருக்கொருத்தர் தோள் குடுக்கிறது அவங்களக் காப்பாத்துது, அதே நேரம் அந்த ஏச்சு வராமப் பண்ண வேண்டிய நிர்வாகத்துக்கு அது வசதியாவும் போயிருது. 2022ல மருந்து இல்லாம, பெட்ரோல் கியூவுல நிண்டு வேலைக்கு வந்து, ஆக்கள் வெளிநாடு போகப் போக மிச்ச ஆக்கள் ஓடீ (மேலதிக நேர வேலை) செஞ்சு நிண்ட நாள்கள்ல நாங்க ஒருத்தர ஒருத்தர் பிடிச்சுக்கொண்டு நிண்டம்தான். ஆனா ஒரு நைட்டுக்கு ரெண்டு பேர் நிக்கிற இடத்துல பிளேன்டீயும் தோளும் மூண்டாவது ஆளாகாது. உலக சுகாதார ஸ்தாபனமும் 2019ல பேர்ன்அவுட்ட (வேலையால உள்ளுக்குள்ள களைச்சு ஓய்ஞ்சு போறத) ஒரு வருத்தமாச் சொல்லாம, சரியாக் கையாளாத வேலை அழுத்தத்தால வாற ஒரு தொழில் சார்ந்த நிலை எண்டுதான் சொல்லிச்சு. ஆள் காணாது எண்டுறத எழுத்துல குடுங்க, எல்லாரும் சேர்ந்து கையெழுத்து வெச்சுக் குடுங்க. அதுவும் ஆளுக்கு ஆள் தாங்குற ஒரு வழிதான்.

எது கூட வேலை செய்றவங்களால ஏலாது எண்டும் தெரிஞ்சிருக்கணும். நித்திரை இல்லாம ரெண்டு மூண்டு கிழமை தாண்டினா, அந்தச் சாவு கண்ணுக்கு முன்னால தானா வந்து வந்து போனா, வேலைக்கு வெளிக்கிட உடம்பு நடுங்கினா, செத்தா நல்லம் எண்ட நினைப்பு ஒருக்கா வந்தாலும், சேன்ஜிங் ரூமோட நிக்க வேணாம். மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை ஆஸ்பத்திரிகள்ல மனநலப் பிரிவு இருக்கு, சொந்த ஆஸ்பத்திரில காட்ட வெக்கமா இருந்தா மற்ற ஊருக்குப் போங்க, நான் கனபேர அப்பிடி அனுப்பியிருக்கன். மனநல உதவி நம்பர் 1926க்கு எந்த நேரமும் எடுக்கலாம், தமிழ்லயும் கதைக்கலாம். அந்த அக்காக்கும் இந்த நம்பர் தெரியுமா எண்டு பாருங்க.

கடைசியா நீங்க கேட்டது, "போன கிழமை மூண்டாவது சாவு நடக்கக்குள்ள எனக்கு ஒண்டுமே வரல்ல, எல்லாரும் அழுதாங்க நான் சாப்பாட்டுப் பார்சலப் பிரிச்சுச் சாப்பிட்டன், நான் கல்லாயிட்டனா" எண்டு. இல்ல தங்கச்சி. அந்த ஞாயிறுக்கு ரெண்டாம் நாள், பிரேதம் அடுக்கியிருந்த வராந்தாவுக்கு அடுத்த ரூமுல, யாரோ கொண்டு வந்து தந்த சோத்துப் பார்சல நானும் முழுசாச் சாப்பிட்டன். மீன் குழம்பு, அந்த உறைப்பு இப்பவும் நாக்குல இருக்கு. அழுகை எனக்கு வந்தது பெப்ரவரியில, வீட்டு முத்தத்துல உடுப்புக் காயப்போடக்குள்ள, ஒரு சின்னப் பிள்ளைட சட்டை கையில பட்ட உடனே. பக்கத்து வீட்டு மாமி வந்து வாளிய என்ட கையில இருந்து வாங்கி, மிச்ச உடுப்பத் தானே காயப் போட்டா.